வழக்குப் போட முடியாத சட்டம்

2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடந்து சில நாட்களுக்குப் பிறகு, குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவர் எங்கள் ஊர்ப் பெரியவர், ஓய்வுபெற்ற ஆசிரியர். "பிரதேச சபைக்குப் போட்டாச்சு. மாகாண சபைக்கு எப்ப தம்பி?" என்று கேட்டார். தெரியாது ஐயா என்றேன். "ஆறேழு வருசமாச்சு. ஏன், ஒருத்தரும் வழக்குப் போடேல்லையோ?"

அதற்குள் படகு வந்துவிட்டது. ஏறி இடம்பிடிக்கும் அவசரத்தில் நான் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய பதில் நீளமானது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஜனநாயகத்தில் சட்டம் இயற்றுவது மக்கள் தெரிவுசெய்த சபையின் வேலை. அந்தச் சட்டத்தை, யாரும் வாக்களித்துத் தெரிவுசெய்யாத நீதிபதிகள் தடுக்கலாமா? நீதிமன்றங்களிடம் அளவுக்கு மீறிய அதிகாரம் சேர்ந்துவிட்டதா? இந்தியாவிலும் அமெரிக்காவிலும் இந்த விவாதம் ஓயாமல் நடக்கிறது. கொழும்பிலும் ஒரு சட்டமூலம் நீதிமன்றத்தில் தடைப்படும்போதெல்லாம் இதே கேள்வி எழும்புகிறது. ஆனால் தீவகத்தில் இருந்து பார்த்தால் படம் வேறு. எங்களுடைய மாகாண சபையை முடக்கியது நீதிமன்றம் அல்ல, பாராளுமன்றம் இயற்றிய ஒரு சட்டம். அந்தச் சட்டத்தை எந்த நீதிமன்றத்தாலும் தொட முடியாது.

சட்டமாகும் முன், சட்டமான பின்

முதலில் ஒரு சொல் விளக்கம். இலங்கையில் உயர் நீதிமன்றம் என்பது நாட்டின் அதியுயர் நீதிமன்றம். தமிழ்நாட்டு வாசகர்கள் உச்ச நீதிமன்றம் என்று சொல்வது அதைத்தான்.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி, ஒரு சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதா என்று பார்க்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. அதுவும் சட்டமூலமாக இருக்கும்போது மட்டும்தான். சட்டமூலம் முதலில் வர்த்தமானியில் வரும். பிறகு பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் சேரும். அதன் பின்னர் ஜனாதிபதியோ, எந்தவொரு பிரஜையுமோ நீதிமன்றத்தை நாடலாம். 1978இல் அதற்குக் கொடுக்கப்பட்ட காலம் ஒரு வாரம். நீதிமன்றம் தன் தீர்மானத்தை மூன்று வாரங்களுக்குள் சொல்ல வேண்டும்.

அந்தத் தீர்மானம் என்ன செய்யும் என்பதையும் கவனிக்க வேண்டும். "இந்தச் சட்டம் செல்லாது" என்று நீதிமன்றம் சொல்வதில்லை. "இதைச் சாதாரண பெரும்பான்மையால் நிறைவேற்றலாம்", "இதற்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும்", "இதற்கு மூன்றில் இரண்டோடு சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும்" என்ற மூன்றில் ஒன்றைத்தான் சொல்லும். அரசியலமைப்புக்கு முரணான சட்டமூலத்தைக்கூட, அரசியலமைப்பைத் திருத்தாமலே மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் நிறைவேற்ற 84ஆவது உறுப்புரை இடம் தருகிறது. வாக்கு எண்ணிக்கை கையில் இருக்கும் அரசுக்கு நீதிமன்றத்தின் தீர்மானம் ஒரு வேகத்தடை மட்டுமே.

சபாநாயகர் சான்றுரையில் கையெழுத்திட்டதும் அந்தச் சிறு அதிகாரமும் முடிந்துவிடும். 80(3)ஆவது உறுப்புரையின்படி, அதன்பிறகு எந்த நீதிமன்றமும் எந்தக் காரணத்துக்காகவும் அந்தச் சட்டத்தின் வலிதுடைமையைக் கேள்விக்குட்படுத்த முடியாது. 16ஆவது உறுப்புரையோ இன்னும் பின்னோக்கிச் செல்கிறது. 1978க்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் அவை செல்லும் என்கிறது.

இப்போது இதை நெடுந்தீவு வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். கடல் அமைதியாக இருந்தால் குறிகட்டுவானுக்கு ஒரு மணித்தியாலமளவு. பிறகு புங்குடுதீவு, வேலணை, மண்டைதீவுச் சந்தி, பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம். அங்கிருந்து இரவு முழுக்கப் பஸ்ஸில் கொழும்பு. உயர் நீதிமன்றம் இருப்பது கொழும்பில் மட்டும். சோளகம் எழும்பிக் கடல் கொந்தளித்தால் முதல் மணித்தியாலமே முடங்கிப்போகும். இதற்கிடையில் வர்த்தமானியைப் பார்த்து, சட்டமூலத்தைப் படித்து, அதில் எந்த வாசகம் எங்களைப் பாதிக்கும் என்று கண்டுபிடித்து, சட்டத்தரணி ஒருவரைப் பிடித்து, மனுத் தயாரிக்க வேண்டும். 'எந்தவொரு பிரஜையும்' என்று அரசியலமைப்பு சொல்கிறதுதான். நடைமுறையில் அந்தப் பிரஜை கொழும்பில் இருக்கும் அமைப்பாகவோ, கட்சியாகவோ, சட்டத்தரணியாகவோதான் இருப்பார்.

எங்களுக்குப் பக்கத்தில் இருப்பது ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றம். எல்லை தாண்டி வந்து நெடுந்தீவுக் கடலில் பிடிபடும் இழுவைப் படகுக்காரர்களைக் கொண்டுவந்து நிறுத்துவது அங்கேதான். இழுவைமடியைத் தடைசெய்து 2017இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய கடற்றொழில் திருத்தச் சட்டம் அங்கே வேலை செய்கிறது. தனிநபர் சட்டமூலமாக வந்து சட்டமான அந்தத் திருத்தம் எங்கள் மீனவர்களுக்குக் கிடைத்த நல்ல சட்டம். ஆனால் ஒரு சட்டம் அரசியலமைப்போடு பொருந்துகிறதா என்ற கேள்வி அந்த நீதவான் முன் எழுந்தால், அவரால் அதைத் தீர்க்க முடியாது. அரசியலமைப்புக்குப் பொருள்கோடல் செய்யும் கேள்வி எதுவானாலும் அது கொழும்புக்குத்தான் போக வேண்டும்.

முன்பு திறந்திருந்த கதவு

இந்த ஏற்பாடு ஆரம்பத்தில் இருந்தே இருந்ததல்ல. 1948 முதல் 1972 வரை நடைமுறையில் இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆவது பிரிவு, ஒரு சமூகத்தவருக்கு மட்டும் பாதகமான சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக் கூடாது என்றது. சட்டம் நிறைவேறிய பிறகும் அதை நீதிமன்றத்தில் கேட்கலாம். 1962 சதிப்புரட்சி முயற்சியில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்காகவே ஆக்கப்பட்ட விசேட சட்டம் செல்லாது என்று இலண்டன் கோமறைக் கழகம் தீர்ப்பளித்தது அந்தக் காலத்தில்தான்.

தமிழர்களுக்கு நெருக்கமானது கோடீஸ்வரன் வழக்கு. கேகாலைக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர் அவர். சிங்களப் பரீட்சையில் சித்தியடையவில்லை என்று சம்பள உயர்ச்சியை நிறுத்தினார்கள். தனிச் சிங்களச் சட்டமே 29ஆவது பிரிவுக்கு முரண் என்று அவர் வழக்குத் தொடர்ந்தார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டில் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசுமீது வழக்குப் போட முடியாது என்று சொல்லி, மொழிச் சட்டத்தின் கேள்வியைத் தொடாமலே விட்டது. 1969இல் கோமறைக் கழகம் அந்தத் தீர்ப்பை மாற்றி, மொழிச் சட்டம் பற்றிய கேள்வியைத் தீர்க்குமாறு வழக்கை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது.

அந்தக் கேள்விக்கு விடை வரவேயில்லை. 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 அரசியலமைப்பு 29ஆவது பிரிவை நீக்கியது. நிறைவேறிய சட்டத்தைக் கேள்வி கேட்கும் அதிகாரத்தையும் நீதிமன்றங்களிடம் இருந்து எடுத்தது. 1978 அரசியலமைப்பும் அதையே தொடர்ந்தது. நீதிபதிகளைவிட மக்கள் பிரதிநிதிகளே மேலானவர்கள் என்பதே அன்று சொல்லப்பட்ட நியாயம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எண்ணிக்கையில் சிறியதொரு மக்களுக்குக் கடைசியாக இருந்த வாசல் அப்படித்தான் மூடப்பட்டது.

ஆளுநரின் கையெழுத்து

மிஞ்சியிருந்த சிறு அதிகாரத்தை நீதிமன்றம் எங்கள் சார்பாகப் பயன்படுத்திய ஒரு தருணம் உண்டு. 2012இல் வந்த திவிநெகும சட்டமூலம், அதாவது 'வாழ்வின் எழுச்சி' சட்டமூலம் அது. சமுர்த்தி அதிகார சபையையும் வேறு இரண்டு அபிவிருத்தி அதிகார சபைகளையும் ஒன்றாக்கி, மத்திய அமைச்சின் கீழ் ஒரு பெரிய திணைக்களத்தை உருவாக்குவது அதன் நோக்கம். மாகாண சபைகளுக்குரிய விடயங்களில் அது கைவைக்கிறது, ஆகவே எல்லா மாகாண சபைகளின் கருத்தையும் பெற வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது.

எட்டு மாகாண சபைகள் சம்மதித்தன. வட மாகாணத்தில் அப்போது தெரிவுசெய்யப்பட்ட சபையே இல்லை. ஜனாதிபதி நியமித்த ஆளுநர், சபைக்குப் பதிலாகத் தானே சம்மதம் எழுதிக் கொடுத்தார். அதாவது ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் இருப்பவர்கள் சார்பில், அவர்கள் யாரும் தெரிவுசெய்யாத ஒருவர் 'சரி' என்றார். அது மாகாண சபையின் சம்மதம் ஆகாது என்று பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க தலைமையிலான நீதியரசர்கள் தீர்மானித்தார்கள். மூன்றில் இரண்டு பெரும்பான்மை தேவை என்றும், ஒரு வாசகத்துக்குச் சர்வஜன வாக்கெடுப்பும் தேவை என்றும் சொன்னார்கள்.

பிறகு நடந்தவற்றின் திகதிகளே போதும். பிரதம நீதியரசருக்கு எதிரான குற்றப்பிரேரணை 2012 நவம்பர் 1ஆம் திகதி சபாநாயகரிடம் கையளிக்கப்பட்டது. அடுத்த ஜனவரியில், மாற்றங்களோடு திவிநெகும சட்டமூலம் மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் நிறைவேறியது. அதே மாதம் 11ஆம் திகதி குற்றப்பிரேரணையும் நிறைவேறியது. 13ஆம் திகதி அவர் பதவி நீக்கப்பட்டார். குற்றப்பிரேரணையில் 14 குற்றச்சாட்டுகள் இருந்தன. சட்டமூலத் தீர்மானந்தான் காரணம் என்று அரசு ஒருபோதும் சொல்லவில்லை. 2015 ஜனவரியில் அந்தப் பதவி நீக்கமே செல்லாது என்று புதிய அரசு அறிவித்தது. அவர் மீண்டும் வந்து ஒரு நாள் இருந்துவிட்டு ஓய்வு பெற்றார்.

இலங்கையில் நீதிபதிகளின் கை ஓங்கியிருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்கு நினைவுக்கு வருவது இந்தத் திகதிகள்தான்.

2017 செப்டெம்பர் 20

இனி அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன்.

2013 செப்டெம்பர் 21ஆம் திகதி வட மாகாண சபைக்கு முதலாவது தேர்தல் நடந்தது. 38 ஆசனங்களில் 30 தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கிடைத்தன. உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்து ஓய்வுபெற்ற சி.வி. விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். சபை நன்றாக நடந்ததா என்று கேட்டால் எங்கள் ஊரில் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். ஆனாலும் ஒரு சபை இருந்தது, கேள்வி கேட்க ஆள் இருந்தது. அதன் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது.

அதற்கு ஒரு வருடம் முன்பே பாராளுமன்றம் விதையைப் போட்டுவிட்டது. எல்லா மாகாண சபைத் தேர்தல்களையும் ஒரே நாளில் நடத்துவதற்காக அரசு 2017இல் ஓர் அரசியலமைப்புத் திருத்தச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. அப்படிச் செய்தால் சில சபைகளின் தேர்தல் பிந்தும். இதற்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அதாவது நேர் வாசலில் நீதிமன்றம் தன் கடமையைச் செய்தது.

அதே செப்டெம்பர் 20ஆம் திகதி, பாராளுமன்றத்தில் வேறொரு சட்டமூலம் எடுக்கப்பட்டது. அது மாகாண சபைத் தேர்தல் வேட்புமனுக்களில் பெண்களுக்கு இடம் ஒதுக்குவதற்காக வந்த சிறிய திருத்தம். யாரும் எதிர்க்க வேண்டிய தேவை இல்லாதது. நீதிமன்றம் போகும் காலமும் எப்போதோ முடிந்துவிட்டது. குழுநிலையில் அதற்குள் பக்கம் பக்கமாகத் திருத்தங்கள் சேர்க்கப்பட்டன. விகிதாசாரத் தேர்தல் முறை போய், பாதி ஆசனங்கள் தொகுதி முறையிலும் பாதி விகிதாசாரத்திலும் என்ற கலப்பு முறை வந்தது. தொகுதிகள் வேண்டுமென்றால் எல்லை நிர்ணயம் செய்ய வேண்டும். எல்லை நிர்ணயம் முடியாமல் தேர்தல் நடத்த முடியாது. ஒரே நாளில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையுடன் எல்லாம் முடிந்தது. அதுதான் 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம்.

குழுநிலைத் திருத்தம் ஒரு சட்டமூலத்தின் அடிப்படை நோக்கத்தில் இருந்து விலகக் கூடாது என்ற விதியை அதன் பிறகு, 2020இல்தான் 20ஆவது திருத்தம் அரசியலமைப்பில் சேர்த்தது. ஆனால் விதி இருந்தால் மட்டும் போதாது. விதி மீறப்பட்டதா என்று பார்க்க ஓர் இடம் வேண்டுமே! சபாநாயகர் கையெழுத்திட்ட பின் அந்த இடம் இல்லை.

எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. அதைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். அடுத்ததாக, பிரதமர் தலைமையிலான மீளாய்வுக் குழு அதைத் திருத்தித் தர வேண்டும். அது நடக்கவில்லை. பழைய முறையிலாவது தேர்தலை நடத்தலாமா என்று 2019இல் ஜனாதிபதி உயர் நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டார். சட்டம் அதற்கு இடம் தரவில்லை என்ற பதிலே வந்தது. பழைய முறை நீக்கப்பட்டுவிட்டது. புதிய முறைக்கு எல்லைகள் இல்லை. தேர்தல் இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது.

ஐயா, வழக்குப் போடாததல்ல பிரச்சினை. வழக்கு எதற்கு எதிராகப் போடப்பட வேண்டுமோ, அது ஒரு சட்டம். சட்டத்துக்கு எதிராக இந்த நாட்டில் வழக்கு இல்லை.

2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்திலும் இதேதான் நடந்தது. உயர் நீதிமன்றம் சொன்ன மாற்றங்கள் எல்லாம் உள்ளடக்கப்படாமலே சபாநாயகர் கையெழுத்திட்டுவிட்டார் என்று சொல்லி ஒரு மனு போடப்பட்டது. நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுக்க மறுத்தது. தன் தீர்மானம் பின்பற்றப்பட்டதா என்று பார்க்கும் அதிகாரம்கூட அந்த நீதிமன்றத்துக்கு இல்லை.

வழக்கு பயன்பட்ட இடம்

இதற்கு மறுபக்கமாக, பிரதேச சபைத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 மார்ச் 9ஆம் திகதி நடக்க வேண்டிய தேர்தல் பணம் இல்லை என்று நிறுத்தப்பட்டது. வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு உட்பட நாடு முழுவதும் சபைகள் கலைந்து, அதிகாரிகளின் கையில் போயின. இங்கே தேர்தலைத் தடுத்தது சட்டம் அல்ல, நிறைவேற்றுத் துறையின் செயல். அதற்கு எதிராக 126ஆவது உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மனுப் போடலாம். போட்டார்கள். 2024 ஓகஸ்ட் 22ஆம் திகதி, தேர்தலை நடத்தாதது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே மாதம் நாங்கள் வாக்களித்தோம்.

2025 மார்ச் 28ஆம் திகதி, காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வட மாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணி பற்றி வெளியான வர்த்தமானியும் அப்படித்தான். அதுவும் நிறைவேற்றுத் துறையின் செயல். மனு போடப்பட்டது. ஜூன் மாதம் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

ஆக, ஒரே தீவில் இருக்கும் ஒரே வாக்காளருக்கு இரண்டு சபைகள். ஒன்றின் தேர்தலை அமைச்சு நிறுத்தியது, நீதிமன்றம் தலையிட்டது. மற்றதின் தேர்தலைச் சட்டம் நிறுத்தியது, நீதிமன்றத்தால் பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே முடிந்தது.

இதன் விலையைக் கொடுப்பது நாங்கள். எங்கள் பாடசாலைகளும் நெடுந்தீவு வைத்தியசாலையும் மாகாணத்தின் கீழ் வருபவை. தீவுக்கு ஆசிரியர் வருவதும், வந்தவர் வருட முடிவில் மாற்றலாகிப் போவதும், வைத்தியர் இருப்பதும் இல்லாததும் மாகாணத் திணைக்களங்களின் முடிவு. 2018இல் இருந்து அந்தத் திணைக்களங்களுக்கு மேலே இருப்பவர் ஆளுநர். அவர் நல்லவராக இருக்கலாம், வேலை செய்பவராகவும் இருக்கலாம். ஆனால் அடுத்த தேர்தலில் எங்களிடம் வர வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

நீதிமன்றம் எங்கள் பக்கமா?

இதுவரை வாசித்தவர்களில் சிலர், 'நீதிமன்றத்துக்கு அதிகாரம் கூடினால் எங்களுக்கு நன்மையா?' என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

1987இல் மாகாண சபைகளை உருவாக்கிய 13ஆவது திருத்தம் 9 நீதியரசர்கள் முன் வந்தது. 5க்கு 4 என்ற பிளவில்தான் அது சர்வஜன வாக்கெடுப்பு இல்லாமல் தப்பியது. ஒருவர் மறுபக்கம் சாய்ந்திருந்தால் மாகாண சபையே இல்லை. 2006 ஒக்டோபர் 16ஆம் திகதி வடக்கு கிழக்கு இணைப்புச் செல்லாது என்று தீர்ப்பளித்ததும் இதே உயர் நீதிமன்றம். 2013 செப்டெம்பர் 26ஆம் திகதி, வட மாகாண சபைத் தேர்தல் முடிந்து ஐந்தாம் நாள், காணி அதிகாரம் மத்திய அரசுக்கே உரியது என்று சொன்னதும் அதுதான். மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தை 29ஆவது பிரிவு இருந்த காலத்திலேயே, 1953இல், கோமறைக் கழகம் செல்லும் என்றது.

ஆகவே நீதிமன்றம் சிறுபான்மையினரின் காவல் தெய்வம் என்று நான் சொல்லமாட்டேன். நீதிபதிகளும் அந்தந்தக் காலத்தின், அந்தந்த நாட்டின் மனிதர்கள். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நீதிமன்றம் காரணம் எழுத வேண்டும். 2006 தீர்ப்பையும் 2013 தீர்ப்பையும் எடுத்து, இந்த இடத்தில் இந்த வாதம் பிழை என்று நாம் இன்றும் சொல்லலாம். 2017 செப்டெம்பர் 20ஆம் திகதி பிற்பகல் சேர்க்கப்பட்ட திருத்தங்களுக்கு அப்படி ஒரு காரணமும் எழுதப்படவில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம்

நீதிமன்றத்தின் அதிகாரம் கூடிய இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க நெடுந்தீவில் இருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம்கூட மாற்ற முடியாது என்றது. அதுவும் 7க்கு 6 என்ற பிளவில். 2015இல், நீதிபதிகள் நியமன ஆணையத்தை உருவாக்கிய அரசியலமைப்புத் திருத்தத்தையே நீக்கியது. நீதிபதிகளை நீதிபதிகளே தெரிவுசெய்யும் முறை தொடர்கிறது. தங்களைப் பற்றிய வழக்கைத் தாங்களே தீர்த்துக்கொண்டார்கள் என்ற விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது.

தமிழ்நாட்டு ஆளுநர் வழக்கு இன்னும் அண்மையானது. சட்டமன்றம் நிறைவேற்றிய 10 சட்டமூலங்களை ஆளுநர் நிறுத்தி வைத்தது பிழை என்றும், அவற்றுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்றும் 2025 ஏப்ரல் 8ஆம் திகதி இரண்டு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். நீதிமன்றம் எல்லை மீறுகிறது என்ற குரல் டில்லியில் எழுந்தது. குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டார். நவம்பர் 20ஆம் திகதி ஐந்து நீதிபதிகள், நீதிமன்றம் காலக்கெடு விதிக்கவோ ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளவோ முடியாது, ஆனால் ஆளுநர் காலவரையின்றிக் கிடப்பில் போடவும் முடியாது என்றார்கள். நீதிமன்றம் தன்னையே திருத்திக்கொண்டது.

எனக்குப் பிடித்த உதாரணம் ஜல்லிக்கட்டு. 2014இல் உச்ச நீதிமன்றம் தடைசெய்தது. 2017இல் மெரினாவில் மக்கள் கூடினார்கள், சட்டமன்றம் புதிய சட்டம் இயற்றியது. 2023இல் அதே நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. யார் சரி என்பது வேறு விடயம். நீதிமன்றம் ஒன்று சொன்னது, சபை மறுமொழி சொன்னது, நீதிமன்றம் அதைக் கேட்டது. கதவு இரண்டு பக்கமும் திறந்திருந்ததால்தான் அது நடந்தது.

எது வேண்டும்?

புதிய அரசியலமைப்புப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அதிகாரப் பகிர்வு பற்றிப் பேசுகிறோம். 80(3)ஐப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம். அது நீங்காமல் எவ்வளவு அதிகாரத்தைப் பகிர்ந்தாலும், ஒரு பிற்பகலில் அதைத் திரும்ப எடுக்கலாம் என்பதை 2017 காட்டியது.

இந்திய முறையை அப்படியே கொண்டுவர வேண்டும் என்பதல்ல என் வாதம். நடுவழிகள் உள்ளன. பிரித்தானியாவில் நீதிமன்றம் சட்டத்தை நீக்குவதில்லை. 1998ஆம் ஆண்டு மனித உரிமைகள் சட்டத்தின் கீழ், இது உரிமைகளுக்கு முரண் என்று பிரகடனம் செய்யும். மாற்றுவதா இல்லையா என்பது பாராளுமன்றத்தின் பொறுப்பு. கனடாவில் நீதிமன்றம் நீக்கலாம். ஆனால் சில உரிமைகளைப் பொறுத்தவரை சபை ஐந்து வருடத்துக்கு அதை மீறிச் சட்டம் வைத்திருக்கலாம், பிறகு மீண்டும் வாக்களிக்க வேண்டும். இரண்டிலும் கடைசி வார்த்தை மக்கள் சபையிடம் இருக்கிறது. ஆனால் அந்த வார்த்தையை அது வெளிச்சத்தில் நின்று சொல்ல வேண்டும்.

குறைந்தபட்சம் இரண்டு விடயங்களை உடனே கேட்கலாம். ஒன்று, நிறைவேறிய சட்டத்தையும் உயர் நீதிமன்றத்தில் கேட்க இடம் வேண்டும். குறிப்பாகக் குழுநிலையில் நுழைந்த, யாரும் முன்பு பார்த்திராத வாசகங்களை. இரண்டு, அந்த நீதிமன்றம் எட்டக்கூடியதாக இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் மனுவைத் தாக்கல் செய்ய வழி வேண்டும். சட்டமூலத்தின் தமிழ் வடிவம் பிரதேச செயலகங்களில் கிடைக்க வேண்டும். மனுவுக்கான காலம் கடல் கடந்து வருபவரையும் நினைத்து வகுக்கப்பட வேண்டும்.

இப்போது இருப்பதில் பயன்படுத்தக்கூடியது எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரச அதிகாரி ஒருவரின் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டால், உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. கொழும்பு போக முடியாதவர்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு அது.

மாகாண சபைத் தேர்தலுக்கு அந்தக் கதவு உதவாது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் செய்ததை அவிழ்க்கக் கூடியது பாராளுமன்றம் மட்டும்தான். பழைய முறையில் தேர்தலை நடத்தலாம் என்று ஒரு சிறிய திருத்தச் சட்டம் போதும். எல்லை நிர்ணயம்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்த முறை குறிகட்டுவானில் அந்த ஐயாவைக் கண்டால் சொல்ல வேண்டியது இதுதான். வழக்குப் போட வழியில்லை ஐயா. வாக்குக் கேட்டு நெடுந்தீவுக்குப் படகேறி வருகிறார்களே, அவர்களிடம் கேளுங்கள். அந்தத் திருத்தத்துக்குக் கை உயர்த்துவீர்களா என்று கேளுங்கள். சட்டமூலமாக இருக்கும்போதே நாங்களும் வாசிக்கத் தருவீர்களா என்று அதோடு சேர்த்துக் கேளுங்கள்.